முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



நம்ம வகுப்பில் நாலு பேராவது என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டேய், கேம் ஓடுற மாதிரி கம்ப்யூட்டர் எவ்வளவுடா ஆகும்? என்னென்ன வாங்கணும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன். "கேம் ஆடறதுக்கு ஒரு கட்டுரையா?" என்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்ம பாடத்தில் வரும் சி++, பைத்தான் எல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதைவிட, வீட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

என் பணம் வீணாகப் பார்த்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

22 ஆயிரத்துக்கு ஐ7!

எங்க ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருந்தது அக்காவோட லேப்டாப் மட்டும்தான். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அக்கா பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது அது. அதிலேதான் அக்கா காலேஜ் முடித்தாள். பாடம் படிக்க, டைப் அடிக்க நல்லாவே உழைத்தது. ஆனால் கேம் போட்டால் ஃபேன் கத்தும், படம் அப்படியே நின்றுவிடும்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் கம்ப்யூட்டர் என்று அம்மா சொல்லியிருந்தார். 2025 மே மாதம் ரிசல்ட் வந்தது. அம்மா சீட்டு எடுத்து 30,000 கொடுத்தார். நான் சேலத்தில் மாமா கடையில் மாம்பழம் அடுக்கிக் கொடுத்ததும், பொங்கல் காசு, தீபாவளிக் காசு சேர்த்ததுமாக 10,000. மொத்தம் 40,000.

முதலில் போன கடையில் ஒரு அண்ணன் சொன்னார்: "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரோட 22,000 தான். எல்லா கேமும் பறக்கும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐ7! அதுவும் 22 ஆயிரத்துக்கு! மீதிப் பணத்தில் சைக்கிளே வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி அப்பாவைப் பார்த்தேன்.

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்டார்: "ஏங்க தம்பி, இது எந்த வருஷ மாடல்?"

கடைக்கார அண்ணன் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு எல்லாம் அப்படி வருஷம் பார்க்கறது இல்லீங்க."

அப்பா என்னை வெளியே கூட்டி வந்துவிட்டார். "கண்ணு, வருஷம் சொல்லாம வண்டி விக்கறவன்கிட்ட நான் இதுவரைக்கும் வண்டி வாங்கினதில்லை. பேரு என்ன வேணா இருக்கட்டும். வருஷத்தைக் கேட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வீட்டுக்கு வந்து, அந்தப் பெட்டி மேல் பார்த்து எழுதி வைத்திருந்த நம்பரைத் தேடினேன். ஐ7-3770. அது வந்தது 2012இல்! நான் அப்போது நடை பழகும் குழந்தை! அந்த "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்பது ஜிடி 710. அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் படம் வர வைப்பதற்கான கார்டு. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் முறைப்படி வேலை செய்யும். 3770 மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதாவது நான் வாங்கியிருந்தால் அஞ்சே மாதத்தில் என் கம்ப்யூட்டர் "காலம் கடந்தது" ஆகியிருக்கும்.

அன்று கற்றுக்கொண்ட முதல் பாடம்: பேரைக் கேட்காதே, வருஷத்தைக் கேள். ஐ3, ஐ5, ஐ7 என்பது வெறும் பேர். அதற்குப் பின்னால் வரும் நம்பர்தான் முக்கியம். 2022இல் வந்த ஐ3-12100, 2012இல் வந்த ஐ7-ஐவிட கேமில் வேகம். தம்பி அண்ணனை முந்திவிட்டான்!

அசெம்பிள் என்றால் மட்டமா?

"பிராண்டடு வாங்குடா, அசெம்பிள் சீக்கிரம் போயிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நம்ம நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து சேஸிஸும் இன்ஜினும் மட்டும் வரும். என்ன லோடு ஏற்றப் போகிறோம் என்பதைச் சொல்லி, அதற்குத் தக்க பாடி இங்கேதான் கட்டுகிறோம். நாமக்கல் பாடி கட்டுன லாரியை யாராவது மட்டம் என்று சொல்வார்களா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். பொருத்தம் பார்த்துச் சேர்த்தால் நல்லது. பார்க்காமல் சேர்த்தால் மட்டம். அவ்வளவுதான்.

முதல் கேள்வி: லோடு என்ன?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: நான் ஆடப் போகும் கேம் என்னென்ன? என் பட்டியல் இது: கிரிக்கெட் 07, மைன்கிராஃப்ட், வேலரண்ட், யூரோ டிரக் சிமுலேட்டர் 2. இதில் கிரிக்கெட் 07 வந்தது 2006இல். யூரோ டிரக் 2012இல். இதற்கெல்லாம் ஒரு லட்சம் ரூபாய் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. முட்டை ஏற்ற டிரெய்லர் எதற்கு? விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

வேலரண்ட் ஆடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். விண்டோஸ் 11-ல் அந்த கேம் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். பழைய போர்டில் இது இல்லாமல் இருக்கலாம். இங்கேயும் வருஷம்தான் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது?

கேம் என்பது வேகமாக மாறும் படங்கள். சாதாரண ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்குப் போட வேண்டும், அதுவும் ஒரே நொடியில்!

இந்த வேலையைப் பிராசஸர் தனியாகச் செய்ய முடியாது. ஒரு கோழிப் பண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு நோய் வந்தால் பார்க்க ஒரு டாக்டர் போதும், அவர் நிறையப் படித்தவர். ஆனால் ஆயிரக்கணக்கான முட்டையைப் பொறுக்க டாக்டரை விட்டால் சாயங்காலம் வரை முடியாது. அதற்கு நிறைய கைகள் வேண்டும். பிராசஸர் என்பது டாக்டர். கிராபிக்ஸ் என்பது முட்டை பொறுக்கும் கைகள். நான் வாங்கிய ரைசன் 5 5600ஜி பிராசஸரில் 6 கோர் இருக்கிறது. அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் 448 சின்ன சின்னக் கைகள். தனியாக வாங்கும் ஆர்எக்ஸ் 6600 கார்டில் 1792 கைகள். அதனால்தான் தனி கார்டு போட்டால் பெரிய கேமும் ஓடுகிறது.

கை குறைவாக இருந்தால் என்ன செய்வது? வேலையைக் குறைக்கலாம். கேமில் 1280 பெருக்கல் 720 என்று செட்டிங் வைத்தால் 9,21,600 புள்ளிகள்தான். பாதிக்கும் கீழே! படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் திக்காமல் ஓடும்.

எழுத்தைப் பார்த்து வாங்கு!

பிராசஸர் நம்பரின் கடைசி எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல்லில் "எஃப்" என்று முடிந்தால், உதாரணமாக ஐ3-12100எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கி, தனி கார்டு வாங்காமல் விட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், திரையில் ஒன்றுமே வராது. ரைசன் 5 5600ஜி-யில் படம் வரும். "ஜி" இல்லாத 5600-ல் வராது. ஒரே ஒரு எழுத்து, ஆயிரக்கணக்கான ரூபாய்!

அதே மாதிரி மதர்போர்டு. 5600ஜி-க்கு ஏஎம்4 வகை போர்டு, டிடிஆர்4 ரேம். புதிய ஏஎம்5 வகைக்கு டிடிஆர்5 ரேம். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது, இடமே பொருந்தாது. பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால், "இந்த பிராசஸருக்கு பயாஸ் அப்டேட் பண்ணியிருக்கா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

என் பில்

இரண்டு வாரம் விலை எழுதி எழுதிப் பார்த்து, சேலத்தில் வேறொரு கடையில் வாங்கியது இது (2025 மே, ஜிஎஸ்டி சேர்த்து, ரூபாயில்):

பிராசஸர் ரைசன் 5 5600ஜி: 10,000
மதர்போர்டு பி450: 5,500
ரேம் 8 ஜிபி, இரண்டு: 3,000
எஸ்எஸ்டி 500 ஜிபி: 3,000
எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ்: 3,800
கேபினெட்: 2,500
மானிட்டர் 22 இன்ச்: 6,800
கீபோர்டு, மவுஸ்: 900
யுபிஎஸ் 600 விஏ: 3,200
மொத்தம்: 38,700

மீதி 1,300 ரூபாயை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அதில்தான் எனக்கு ரொம்பப் பெருமை!

"கிராபிக்ஸ் கார்டு எங்கே?" என்று கேட்பீர்கள். அது இன்னும் வாங்கவில்லை. 40 ஆயிரத்துக்குள் கார்டையும் திணித்தால் ரேமில், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டமானதைப் போட வேண்டி வரும். நான் போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் நல்லதாக வாங்கி, கார்டுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். என் பட்டியலில் உள்ள நாலு கேமும் இப்போதே ஓடுகிறது. கார்டு இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் பரவாயில்லை.

ரேம் ஏன் இரண்டு? 5600ஜி-யின் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே 16 ஜிபி என்றால் ஒற்றை வழிப்பாதை. இரண்டு 8 ஜிபி என்றால் இருவழிப்பாதை. அளவு ஒன்றுதான், ஆனால் கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை! மேலே இருக்கும் ரேம் விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அதிகமாகப் போவதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் "குரூஷியல்" ரேம் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. எங்கேயோ அமெரிக்காவில் நடப்பது நம்ம சேலம் கடை விலையை மாற்றுகிறது பாருங்கள்! அதனால் முதலில் ரேமின் அன்றைய விலையைக் கேட்டுவிட்டு, பிறகு மற்றதற்குப் பணம் பிரியுங்கள். வீட்டில், சொந்தக்காரர்களிடம் பழைய டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கவனிக்காத எஸ்எம்பிஎஸ்

எல்லோரும் பிராசஸர், கார்டு என்றே பேசுவார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டோடு இலவசமாக வந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் செய்தான். ஸ்டிக்கரில் "500 வாட்" என்று இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் டப் என்று சத்தம், கருகிய வாசனை. எஸ்எம்பிஎஸ் போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கணக்கு ரொம்பச் சுலபம். 5600ஜி-க்கு 65 வாட். பின்னால் ஆர்எக்ஸ் 6600 போட்டால் அதற்கு 132 வாட். மற்றதற்கு ஒரு 50 வாட். மொத்தம் சுமார் 250. அதற்கு இரண்டு மடங்கு எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அது பாதி லோடில் நிம்மதியாக ஓடும். "80 பிளஸ் பிரான்ஸ்" என்று போட்டிருந்தால், பாதி லோடில் 100 வாட் எடுத்தால் 85 வாட் உள்ளே போகும், 15 தான் சூடாக வீணாகும் என்று அர்த்தம்.

யுபிஎஸ் ஆடம்பரம் இல்லை. எங்க ஊரில் தோட்டத்து மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் லைட்டே மங்கும். 600 விஏ யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கினால் போதும், சேவ் செய்து ஒழுங்காக நிறுத்திவிடலாம். எங்க தெருவில் தறி ஓடுவதால் பஞ்சுத் தூசி வேறு. கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வைத்து, மாதம் ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி விடுகிறேன்.

அம்மாவுக்குக் கரண்டு பில் கவலை. கேம் ஓடும்போது மானிட்டரோடு 120 வாட் என்று வைத்தால், தினம் 2 மணி நேரத்துக்கு 240. இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். இந்தக் கணக்கை எழுதிக் காட்டியதும்தான் அம்மா சமாதானம் ஆனார். (2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் அப்போதுதான் வந்தது!)

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உஷார். எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பர் 15-ல் எத்திரியம் முறையை மாற்றியதும் அவை பழைய மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன. ஆர்எக்ஸ் 580 என்ற பேரிலேயே இரண்டு ரகம் உண்டு: அசலில் 2304 கைகள், இன்னொன்றில் 2048. பேர் ஒன்று, ஆள் வேறு! கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"சென்னை ரிச்சி தெருவில் போய் வாங்கினால் மலிவு" என்பார்கள். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் அந்தத் தெரு முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடைதான், உண்மையிலேயே எல்லாம் கிடைக்கும். ஆனால் சேலத்திலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். ஒரு பாகம் பழுதானால் திரும்பப் போக வேண்டும். 500, 1000 ரூபாய் வித்தியாசத்துக்குப் பக்கத்துக் கடையில் பில்லோடு வாங்குவதே நல்லது. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பெட்டியோடு வரும் ரைசன் பிராசஸருக்கு 3 வருஷம் வாரண்டி. பில் இருந்தால்தான் அது நம் கையில் இருக்கும்.

கடைசியாக...

நண்பர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். லோடு என்ன என்று எழுது. வருஷம் கேள். எழுத்தைப் பார். பொருத்தம் பார். எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் பண்ணாதே. பில் வாங்கு. இந்த ஆறும் இருந்தால் 40 ஆயிரமோ 30 ஆயிரமோ, பணம் வீணாகாது.

கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம் அப்பா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் யூரோ டிரக் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "டேய், வளைவுல இப்படியா ஒடிப்பாங்க? பின்னாடி டிரெய்லர் இருக்குதுல்ல?" என்று சொல்லிவிட்டு, என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரக் கணக்கில் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அப்பாதான் ஓட்டினார்! எழுந்து போகும்போது கேட்டார்: "இந்தக் கேமு எந்த வருஷ மாடல்?"

"2012 ப்பா."

"வண்டி பரவால்ல, நல்லா வச்சிருக்கான்" என்றார்.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடம் கேளுங்கள். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் சீட்டைக் கொண்டு வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.



இப்படிக்கு,
பிளஸ் ஒன் மாணவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு